நாலரை மணிச் சாயம்

நகர்மன்ற அலுவலகத்தில் மழைநீர் வடிகால் ஆய்வாளராகப் பதினோர் ஆண்டுகள் பணியாற்றிய அவர், தம் சோதனைகளில் ஒன்றிலேனும் தோற்றதில்லை. அவர் சோதித்த கடைகள் பதினான்கு. குற்றம் நிரூபணமான கடைகளும் பதினான்கு. அவ்வலுவலகத்தின் வேறெந்தத் துறைக்கும் இத்தகைய பெருமை வாய்க்கவில்லை. தெருவிளக்குத் துறையினர் பத்து விளக்குகளைச் சீர்செய்தால் ஆறு எரியும். நாய் பிடிக்கும் துறையினரோ ஒரு நாயைப் பிடிக்கப் போய் வேறொரு நாயுடன் திரும்புவார்கள். வடிகால் துறை ஒன்றுதான் யாரைச் சந்தேகித்ததோ அவரையே தவறாமல் கையும் களவுமாகப் பிடித்தது. இதற்காக ஆய்வாளருக்கு இருமுறை சால்வை போர்த்தப்பட்டது. இரண்டாவது சால்வை முதலாவதைவிடச் சற்றே நீளம் குறைவு என்றாலும் அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

அந்த ஊரின் தெருக்களுக்கு அடியில் இரண்டு குழாய்கள் ஓடின. ஒன்று பாதாளச் சாக்கடை. அது வீடுகளின், கடைகளின் கழிவைச் சுமந்து ஊருக்கு வெளியே உள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்குச் சென்றது. மற்றது மழைநீர் வடிகால். அது தெருவில் விழுந்த மழையை மட்டும் ஏந்தி, எந்தச் சுத்திகரிப்பும் இன்றி, நேரே ஏரியில் கொண்டுபோய் விட்டது. ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை அற்றுப்போன இரு ஓரகத்திகளைப் போல அவ்விரு குழாய்களும் அருகருகே கிடந்தும் ஒன்றோடொன்று சேராதிருக்க வேண்டும் என்பதே விதி.

சென்ற ஆண்டு நகர்மன்றத் தலைவி, வடிகாலின் ஒவ்வொரு தெருவோர வாயிலும் ஒரு மீனின் படத்தை வரையச் செய்து, அதன் கீழ் ‘இங்கே கொட்டுவது ஏரிக்குப் போகும்’ என்று எழுதுவித்தார். அதுவரை எங்கே போகிறதோ என்ற உறுத்தலுடன் பழைய எண்ணெயையும் பெயின்ட் கழுவிய நீரையும் கொட்டிவந்த மக்கள், அதற்குப் பின் மன நிம்மதியுடன் கொட்டலாயினர்.

இவ்வாறிருக்க, அவ்வாண்டின் முதல் மழை பெய்தது. மறுநாள் காலையில் ஏரியின் கரையோரம் முழங்கால் உயரத்துக்கு வெண்ணுரை ஒதுங்கி நின்றது. அதன் நாற்றமோ, நடைப்பயிற்சிக்கு வந்தவர்களை ஓட்டப்பயிற்சிக்கு மாற்றியது. அந்த வெள்ளிக்கிழமை ‘தூய ஏரி’ச் சான்றிதழுக்காக ஆய்வுக் குழு ஒன்று வரவிருந்தது. ஆதலால் திங்களன்று தலைவி அவசரக் கூட்டம் கூட்டினார்.

“நுரைன்னா சோப்பு. சோப்புன்னா லாண்டரி. இதுக்கு மேல என்ன ஆராய்ச்சி வேணும்?” என்றார் தலைவி.

கூட்டத்தில் இருந்தோர் அனைவரும் இந்த நுட்பத்தை எண்ணி வியந்து தலையாட்டினர். ஆய்வாளரின் தலை மட்டும் பாதி வழியில் நின்றது. அலுவலகத் தெருவில் இருந்த லாண்டரி ஒன்றுதான். அது அவருடைய அக்காவுக்குச் சொந்தமானது.

“மேடம், அது எங்க அக்கா கடை. நான் போய்ச் சோதிச்சா சரியா இருக்காது.”

“அதனாலதான் நீங்க போகணும்னு சொல்றேன். வேற ஆளை அனுப்பினா, வேண்டியவங்களை விட்டுட்டாங்கன்னு ஊர் பேசும். நீங்களே கையெழுத்துப் போட்டா யார் வாயைத் திறப்பாங்க? நாளைக்குச் சோதனை. சாயம் தெரிஞ்சா வியாழக்கிழமை பத்து மணிக்குச் சீல்.”

‘தெரிஞ்சா’ என்று தலைவி சொன்னது மரியாதை நிமித்தமே. பதினான்கு முறையும் சாயம் தெரிந்திருக்கிறது.

சாயச் சோதனை என்பது எளிய கலை. ஒரு பொட்டலம் பச்சைச் சாயப்பொடியை ஒரு வாளி நீரில் கரைத்து, சந்தேகத்துக்குரிய கடையின் கழிவுத் தொட்டியில் ஊற்றுவார்கள். கடையின் குழாய் ஒழுங்காகப் பாதாளச் சாக்கடையில் சேர்ந்திருந்தால் சாயம் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும். யார் கண்ணிலும் படாது. கள்ளத்தனமாக மழைநீர் வடிகாலில் சேர்ந்திருந்தால், ஏரிக்கரையில் வடிகால் முடியும் இடத்தில் பச்சையாக வந்து விழும். ஊற்றுபவர் கடையில் இருக்க, ஆய்வாளர் ஏரிக்கரையில் ஒரு முக்காலியில் குடையோடும் குறிப்பேட்டோடும் அமர்ந்திருப்பார்.

ஊற்றும் பொறுப்பு, தெருக்களின் இரும்பு மூடிகளைத் திறந்து திறந்து ‘மூடி’ என்றே பெயர் பெற்றுவிட்ட ஊழியருடையது. அவருக்கு இயற்பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தவில்லை.

செவ்வாய் காலை பத்து மணிக்கு இருவரும் லாண்டரிக்குள் நுழைந்தனர். மூன்று பெரிய சலவை இயந்திரங்கள் தரையை அதிரவைத்துக்கொண்டிருந்தன. நீராவி இஸ்திரி மேசைகளின் முன் ஆறு பெண்கள் நின்று மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஆய்வாளரின் பள்ளிப் படிப்பும் கல்லூரிப் படிப்பும் இந்தக் கடையின் வெந்நீரில்தான் நடந்தேறின. அக்கா கல்லாவுக்குப் பின்னால் நின்று துணிமூட்டைகளில் எண் பொறித்த பித்தளை டோக்கன்களைக் கோத்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க ஆபீசர் சார். துணி போட வந்தீங்களா, கடையை மூட வந்தீங்களா?”

“அக்கா, இது வழக்கமான சோதனைதான்.”

“உன் வழக்கம் எனக்குத் தெரியாதா. எதிர்த்த பேக்கரிக்காரரும் வழக்கமான சோதனையிலதான் போனாரு. பக்கத்துச் சலூனும் அப்படித்தான். டீக்கடையும் அப்படித்தான். இந்தத் தெருவுல இப்போ சீல் இல்லாத கதவு என்னோடதும் உன் ஆபீஸோடதும்தான்.”

“தப்புப் பண்ணலேன்னா எதுக்குப் பயப்படணும்?”

“பயமா? எனக்கா? உனக்குச் சின்ன வயசுல வயித்தால போனப்ப உன் டவுசரைத் துவைச்சவ நான். எனக்கு உன்கிட்ட என்னடா பயம்.”

இஸ்திரி மேசைகளில் ஆறு பெண்களும் குனிந்து கொண்டனர். விரிப்புகள் மட்டும் குலுங்கின. மூடி, சிரிப்பை மறைக்க வாளிக்குள் எதையோ தேடுவது போல நடித்தார்.

“பாவம் அந்த ஆறு பேரு. கடை போனா எங்க போவாங்க, அதையும் உன் நோட்டுல எழுதிக்க” என்று சொல்லிவிட்டு, அக்கா தானே கழிவுத் தொட்டியின் தட்டியைத் தூக்கி வைத்தாள். பஞ்சுத் துணுக்குகளைத் தடுக்கும் வலை, அடுத்தடுத்து இரண்டு தெளிவுத் தொட்டிகள், பிறகு சாக்கடைக்குச் செல்லும் குழாய் என எல்லாம் பாடப்புத்தகத்தின் படம் போலவே இருந்தன. ஆயினும் ஆய்வாளர் தம் கண்களை நம்பும் வழக்கம் இல்லாதவர், விதிமுறையை நம்புபவர். பத்து ஐந்துக்கு மூடி சாயத்தை ஊற்றினார். நேரம் குறிப்பேட்டில் ஏறியது.

ஏரிக்கரையில் ஆய்வாளர் காத்திருந்தார். மழை நின்று சில நாள்கள் ஆகியும் வடிகாலின் வாயிலிருந்து விரற்கடை அகலத்துக்கு நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. மழையில்லாத நாளில் மழைநீர் வடிகால் எலும்பாய்க் காய்ந்து கிடக்க வேண்டும்; ஒழுகுகிறது என்றால் எங்கோ எவனோ கள்ளக் குழாய் சேர்த்திருக்கிறான். அப்படி ஒழுகி அடியில் தேங்கிக் கிடப்பதையே முதல் மழை வழித்தெடுத்து ஏரியில் தள்ளும். இதெல்லாம் அவருக்குக் கரதலப் பாடம்.

பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. சாயம் வரவில்லை. மதிய உணவுப் பொட்டலத்தைப் பிரித்தபோது அவர் நெஞ்சில் இனம்புரியாத மகிழ்ச்சி ஒன்று எட்டிப் பார்த்தது. துறையின் பெருமைக்குக் குந்தகமான மகிழ்ச்சி ஆகையால் அதை அதட்டி உள்ளே அனுப்பினார். மூன்றும் ஆயிற்று, நாலரையும் ஆயிற்று. விதிப்படி ஐந்து மணிவரை காத்திருந்து சாயம் வராவிட்டால் கடை நிரபராதி. ஐந்துக்கு இன்னும் அரைமணி நேரமே இருந்தது.

நான்கு முப்பத்தைந்துக்கு அந்த ஒழுகலில் ஒரு பச்சை இழை தோன்றியது. பின்பு அது நாடாவாயிற்று. பின்பு, நீரே பச்சையாயிற்று. ஆய்வாளர் குறிப்பேட்டில் ‘4.35’ என்று எழுதினார்.

செய்தியைச் சொல்லும் கடமையும் அவருடையதே. வெளிச்சம் மங்குமுன் லாண்டரிக்குத் திரும்பினார். அங்கே மூடி முன்னதாகவே வந்து, அக்கா கொடுத்த பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார்.

“வந்துடுச்சு அக்கா” என்றார் ஆய்வாளர், தரையைப் பார்த்தபடி.

“எப்போ?”

“நாலு முப்பத்தஞ்சு.”

“ஊத்தினது பத்து மணிக்கு. இங்கிருந்து ஏரி ஐந்நூறு மீட்டர். ஆறரை மணி நேரமா என் கடைத் தண்ணி வழியில யார் வீட்லயாவது உக்காந்து கதை பேசிட்டுப் போச்சா?”

“குழாயோட சரிவு குறைவா இருந்தா அப்படித்தான் அக்கா. மெதுவாத்தான் போகும்.”

“சரி. என் குழாய் கள்ளக் குழாய்னே வச்சுக்குவோம். ஞாயித்துக்கிழமை நான் கடை திறக்கிறேனா இல்லையா?”

“திறக்கிறே.”

“மூணு மெஷினும் ஓடுதா?”

“ஓடுது.”

“ஞாயித்துக்கிழமை ஏரிப்பக்கம் வந்து பாத்திருக்கியா? உன் வடிகால் வாய் வறண்டு போய்க் கிடக்கும். நான் அந்த வழியாத்தான் துணி கொடுக்கப் போறேன், வாராவாரம் பாக்கிறேன். திங்கக்கிழமை காலையில மறுபடி ஒழுக ஆரம்பிக்கும். அது என்ன குழாய்டா, ஞாயித்துக்கிழமை லீவு எடுக்கிற குழாய்?”

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆய்வாளர் ஏரிப்பக்கம் போனதே இல்லை. ஞாயிறு விடுமுறை நாள்.

அவர் ஓர் இஸ்திரி மேசையின் மேல் குறிப்பேட்டைத் திறந்தார். பதினோர் ஆண்டுகளில் முதன்முறையாக அதை எழுதுவதற்காக அல்லாமல் படிப்பதற்காகத் திறந்தார். பேக்கரி: காலை ஒன்பதரைக்கு ஊற்றியது, நாலு நாற்பதுக்குத் தெரிந்தது. அதன் கீழே தம் அழகிய கையெழுத்தில், ‘சரிவு குறைவு’ என்று விளக்கம். இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த கார் கராஜ்: இரண்டு மணிக்கு ஊற்றியது, நாலரைக்குத் தெரிந்தது. ‘வண்டல் தடை.’ சலூன்: மூன்று ஐம்பதுக்கு ஊற்றியது, நாலு முப்பத்தைந்துக்குத் தெரிந்தது. ‘சரிவு அதிகம்.’ பதினான்கு கடைகள், பதினான்கு தூரங்கள், பதினான்கு விளக்கங்கள். சாயமோ, ரயிலைப் பிடிக்கும் பயணியைப் போல, ஒவ்வொரு முறையும் நாலரையை ஒட்டியே வந்து சேர்ந்திருந்தது.

“மூடி,” என்றார் ஆய்வாளர். “சாயம் ஊத்தினப்புறம் வாளியை என்ன பண்ணே?”

“என்ன பண்ணுவேன்? ஸ்டோர்ல ஒப்படைச்சேன். நாலரைக்கு ஸ்டோர்காரரு பூட்டிடுவாரு. அழுக்கு வாளியைக் கையாலகூடத் தொடமாட்டாரு, கழுவிக் கொடுத்தாத்தான் வாங்குவாரு. உங்களுக்குத் தெரியாதா.”

“எங்க கழுவினே?”

“எங்கன்னா? சுற்றறிக்கை இருக்குல்ல சார். ஆபீஸ் கழிப்பறையிலதான்.”

சுற்றறிக்கை இருந்தது உண்மையே. பல்லாண்டுகளுக்கு முன் வாளியைத் தெருக்குழாயில் கழுவியபோது அன்றைய தலைவரின் வெள்ளைக் காலணியில் பச்சை தெறித்துவிட்டது. அன்றிலிருந்து, ‘சாய வாளி அலுவலகக் கழிப்பறையில் மட்டுமே கழுவப்பட வேண்டும்’ என்று ஆணை.

“எத்தனை மணிக்கு?”

“நாலு பத்து இருக்கும். எப்பவும் அப்பத்தான்.”

“வாளியில சாயம் மிச்சம் இருந்துச்சா?”

“அடியில கட்டி கட்டியா நிக்கும் சார். பாதிப் பொட்டலம் கரையவே கரையாது. தேய்ச்சுக் கழுவி ஊத்தினா, கழிப்பறையே கிளி மாதிரி ஆயிடும்.”

அக்கா கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“அப்போ இத்தனை நாளா ஏரிக்குப் போனது...”

“சொல்லாதே அக்கா.”

“நான் சொல்லலைடா. ஏரியே சொல்லுது.”

புதன் காலை ஆய்வாளர் தம் வாழ்வின் பதினாறாவது சோதனையைச் செய்தார். ஒன்பது பத்துக்கு அலுவலகக் கழிப்பறையில் சாயத்தை ஊற்றிவிட்டு மிதிவண்டியில் ஏரிக்குப் பறந்தார். ஒன்பது முப்பத்திரண்டுக்கு வடிகால் பச்சையாயிற்று. இருபத்திரண்டு நிமிடங்கள், சரிவைப் பற்றி எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. பின்னர் மூடியை அனுப்பி லாண்டரியில் சாயம் ஊற்றச் செய்து, அத்தெருவின் பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்து பார்த்தார். பத்து நிமிடத்தில் அங்கே பச்சை ஓடியது. லாண்டரி நிரபராதி. இந்த இரண்டாவது வேலையைப் பதினான்கு கடைகளில் ஒன்றுக்குக்கூட அவர் செய்ததில்லை. விதிமுறையில் ஏரிக்கரை மட்டுமே இருந்தது.

பழைய கோப்பு மீதியைச் சொல்லிற்று. அப்போது புதிதாகக் கட்டிய அலுவலகத்தின் திறப்பு விழா திடீரென முன்கூட்டியே நடத்தப்பட்டதால், குழாய் வேலை செய்தவர், கைக்கு எட்டிய குழாயான மழைநீர் வடிகாலில் கழிப்பறைகளை இணைத்துவிட்டு ரிப்பன் வெட்டுமுன் வெளியேறியிருந்தார்.

ஆய்வாளர் அறிக்கையுடன் தலைவியின் அறைக்குச் சென்றார். தலைவி வெள்ளிக்கிழமை உரையின் மூன்றாம் பக்கத்தில் இருந்தார். அறிக்கையைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மீண்டும் அணிந்து, மீண்டும் படித்தார். வாசகம் மாறவில்லை.

“நம்ம ஆபீஸ் சோதனைப் பட்டியல்ல இருக்கா?”

“இல்லைங்க மேடம். லைசென்ஸ் வாங்கின கடைங்க மட்டும்தான் பட்டியல்ல இருக்கு.”

“பட்டியல்ல இல்லாத இடத்துல எதுக்குச் சோதனை பண்ணீங்க?”

“சாயம் பட்டியலைப் பாக்காம போயிடுச்சுங்க மேடம்.”

தலைவி சிரிக்கவில்லை. சிறிது யோசித்தபின் அவர் முகம் தெளிந்தது. “ஒண்ணு பண்ணுங்க. இனிமே அந்த வாளியை இங்க கழுவ வேண்டாம். சாயம் வராது. முடிஞ்சுது.”

“சாயம் வராதுங்க மேடம். மத்ததெல்லாம் வரும்.”

“மத்ததுக்குக் கலர் இருக்கா?”

தலைவி அறிக்கையை மடித்து அவர் பக்கமாகத் தள்ளினார்.

“பாருங்க, கமிட்டி வந்து காரணம் யாருன்னு கேப்பாங்க. நாம ஒரு இடத்தைக் காட்டணும். ஒரே வாரம் சீல் வைங்க. உங்க அக்காதானே, எடுத்துச் சொல்லுங்க. அப்புறம் பாத்துக்கலாம்.”

‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்பதன் பொருள் ஆய்வாளருக்குத் தெரியும். அதையே அவர் தம் வாயால் பேக்கரிக்காரரிடம் சொல்லி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன.

வியாழன் காலை பத்து மணி. சீல் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆய்வாளர் தம் இருக்கையை விட்டு எழுந்தார். ஊழியர்கள், சொந்த அக்காவின் கடைக்குச் சீல் வைக்கச் செல்லும் நேர்மையாளரை அனுதாபத்துடன் நோக்கினர். அவரோ வாசலுக்குச் செல்லாமல் நடைக்கூடத்தின் கோடிக்குச் சென்றார். கீழ்த்தளத்தில் இரண்டு, மேல்தளத்தில் இரண்டு, தலைவியின் அறையை ஒட்டி ஒன்று என, ஐந்து கழிப்பறைக் கதவுகளிலும் கம்பி கட்டி, ஈய முத்திரை இறுக்கி, நோட்டீஸ் ஒட்டினார். நோட்டீஸில் இடம் என்ற கட்டத்தில் அலுவலகத்தின் முகவரியையும், குற்றம் என்ற கட்டத்தில் வழக்கமான வாசகத்தையும், தெரிந்த நேரம் என்ற கட்டத்தில் 9.32 என்பதையும் அழகிய கையெழுத்தில் நிரப்பியிருந்தார்.

முதலில் வந்தவர் ஸ்டோர்காரர்.

“என்ன சார் இது? நான் எங்க போறது?”

“மேல்முறையீடு பண்ணலாம். நோட்டீஸ்ல கீழே போட்டிருக்கு பாருங்க.”

“முப்பது நாள் ஆகும்னு போட்டிருக்கே.”

“ஆமா.”

“என்னால முப்பது நிமிஷம் தாங்க முடியாது சார்.”

தலைவி சீலை உடனே அறுக்கச் சொன்னார். ஆய்வாளர் பணிவுடன் ஏழாம் விதியைப் படித்துக் காட்டினார்: ஏரியை மாசுபடுத்தும் எந்தக் குழாயையும், அது எவருடையதாயினும், ஆய்வாளர் மூடலாம், குழாய் முறைப்படி மாற்றப்படும்வரை சீலை எவரும், எப்பதவியில் இருப்பவரும், அகற்றலாகாது, அகற்றுபவரின் பெயர் ஏரிக்கரைப் பலகையில் எழுதப்படும். ‘எவருடையதாயினும்’, ‘எப்பதவியில் இருப்பவரும்’ ஆகிய கம்பீரமான சொற்களைச் சென்ற ஆண்டு தம் கையால் சேர்த்தவர் தலைவியே. கைதட்டலும் கிடைத்தது.

பதினொரு மணித் தேநீருக்குப் பிறகு நிலைமை முற்றியது. நாற்பத்திரண்டு ஊழியர்கள் தெருவில் இறங்கினர். பேக்கரிக்குப் போனார்கள், சீல். சலூனுக்குப் போனார்கள், சீல். டீக்கடைக்கும் தையற்கடைக்கும் போனார்கள். அங்கும் அலுவலகத்தின் சொந்த ஈயமே பல்லைக் காட்டியது. பதினோர் ஆண்டுகாலச் சாதனையின் முழு அளவையும் அன்றுதான் அவர்கள் தெருவில் நடந்து, விரைவாக நடந்து, உணர்ந்தார்கள். அத்தெருவில், பாதாளச் சாக்கடையில் முறைப்படி சேர்ந்த, இன்னும் திறந்திருந்த கழிப்பறை ஒன்றே ஒன்று. அது லாண்டரியின் பின்கட்டில் இருந்தது.

அக்கா கல்லாவில் நின்றபடி கூட்டத்தைப் பார்த்தாள். பித்தளை டோக்கன்களின் கொத்தை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

“வரிசையில நில்லுங்க. டோக்கன் இல்லாம யாரும் உள்ள போக முடியாது. துணி மாதிரிதான், எண் கூப்பிட்டா வரணும்.”

ஸ்டோர்காரருக்குப் பதினேழாம் எண் கிடைத்தது. அவர் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நின்றார்.

“அம்மா, கொஞ்சம் முன்னாடி விடுங்கம்மா.”

“அவசரப்படாதீங்க அண்ணே. உள்ள போயிட்டு, நல்லாக் கழுவிட்டு வாங்க. கழுவினாத்தான் டோக்கனைத் திரும்ப வாங்குவேன்.”

மூடி பாடிக்கொண்டே எண்களைக் கூப்பிட்டார். பதினோர் ஆண்டுகளில் அவர் இவ்வளவு உற்சாகமாக வேலை செய்ததை எவரும் கண்டதில்லை.

தலைவி மூன்று மணிவரை தாக்குப்பிடித்தார். பதவிக்குரிய மன உறுதி அது. மூன்று ஐந்துக்கு அவர் தெருவைக் கடந்து, எதையும் பார்க்காதவர் போல லாண்டரிக்குள் நுழைந்தார். வரிசை விலகி வழிவிட்டது. அக்கா விலகவில்லை.

“வாங்க மேடம். நீங்களே சொல்லுங்க, இந்தக் கடைக்கு இன்னிக்குப் பத்து மணிக்குச் சீல்னு ஆர்டர் போட்டிருக்கீங்க. எந்த நிமிஷமும் ஆபீசர் வந்து பூட்டிடுவாரு. உள்ள யாராவது இருக்கப்பப் பூட்டிட்டா, விதி ஏழு, நான்கூடத் திறக்க முடியாது.”

தலைவி ஆய்வாளரைத் தேடினார். அவர் கதவருகே சீல் பெட்டியுடன், கடமை தவறாத முகத்துடன் நின்றிருந்தார்.

“ஆர்டர் ரத்துன்னு சொன்னேன்னு வச்சுக்குங்க,” என்றார் தலைவி, பற்களுக்கிடையே.

“சொன்னா போதாதுங்க மேடம்,” என்றார் ஆய்வாளர். “எழுத்துல வேணும். குழாய் மாத்துற உத்தரவும் வேணும். அந்தப் பதினாலு கடைங்களையும் மறுபடி சோதிக்கிற உத்தரவும் வேணும்.”

“இதெல்லாம் இப்பவேவா?”

“உங்க வசதிங்க மேடம். நாங்க காத்திருக்கோம்.”

காத்திருக்கக் கூடியவர்கள் அவர்கள் மட்டுமே. கல்லாவில் நூல் கட்டித் தொங்கிய பேனாவால், இஸ்திரி மேசையின் வெதுவெதுப்பின் மேல், தலைவி மூன்று உத்தரவுகளிலும் கையெழுத்திட்டார். அக்கா ஒவ்வொன்றையும் நிதானமாகப் படித்தாள். ஒருமுறை எழுத்துக் கூட்டியும் படித்தாள். பிறகு நாற்பத்து மூன்றாம் எண் டோக்கனை எடுத்து நீட்டினாள்.

பதினோர் ஆண்டுகளாகக் கோப்பில்கூட எழாத வேலை அன்று மாலை ஐந்து மணிக்குத் தொடங்கியது. தெரு தோண்டப்பட்டது. தலைவி தாமே நின்று மேற்பார்த்தார். வெள்ளியன்று ஆய்வுக் குழு வந்தபோது, புதுக்குழாய் பாதி புதைந்து கிடந்த பள்ளத்தின் ஓரத்தில் நின்று அவர் உரை நிகழ்த்தினார்: பிறரைச் சோதிக்குமுன் தன்னையே சோதித்துக்கொண்ட முதல் நகர்மன்றம் இதுவே என்றும், இந்த எண்ணம் தமக்கு உதித்த கணத்தை மறக்கவே முடியாது என்றும் கூறினார். பின்னதாவது உண்மை. குழுவினர் நெகிழ்ந்துபோய்ச் சான்றிதழைப் பரிந்துரைத்துவிட்டு, கழிப்பறை எங்கே என்று கேட்டனர். அவர்களுக்கும் டோக்கன் வழங்கப்பட்டது.

அடுத்த மழையில் நுரை முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு இறங்கிற்று. அதற்கும் கீழே இறங்கவில்லை. மீன் படத்தின் வாயில் எண்ணெய் ஊற்றுவோர் இன்னும் ஊரில் இருந்தனர்.

ஆய்வாளர் தம் சோதனையின் தவறை ஒப்புக்கொண்டு, அந்தக் கடைக்காரர்களுக்குப் பதினான்கு கடிதங்களைத் தாமே எழுதினார். தபாலில் அனுப்ப மனம் ஒப்பவில்லை. ஒவ்வொன்றையும் கையில் கொடுத்து, பெற்ற நேரத்துடன் கையெழுத்து வாங்குவது என்று புறப்பட்டார். முதலில் பேக்கரிக்காரர். அவர் இப்போது ஊரின் எல்லையில் பழைய டயர்கள் விற்றுக்கொண்டிருந்தார். கையில் மாவுக்குப் பதில் கரி. கடிதத்தை நின்றபடியே முழுவதும் படித்தார்.

“அன்னிக்கு என் கடைத் தண்ணி எத்தனை மணிக்கு ஏரியில தெரிஞ்சுதுன்னு எழுதினீங்க?”

“நாலு நாற்பது.”

“மத்த பதிமூணு பேருக்கு?”

“எல்லாருக்குமே நாலரையை ஒட்டித்தாங்க.”

பேக்கரிக்காரர் ஒரு டயரின் மேல் உட்கார்ந்தார்.

“பதினோரு வருஷம். உங்களுக்கு மணி பாக்கத் தெரியாதா சார்?”

சரிவு, வண்டல், மண்ணின் தன்மை எனப் பழைய விளக்கங்கள் ஆய்வாளரின் நாக்கின் நுனிவரை வந்து திரும்பின.

“பாத்தேன். எழுதினேன். படிக்கலைங்க” என்றார்.

“மறுபடி சோதிச்சா, அடுப்பைத் திரும்பப் பத்த வைக்கலாமா?”

“திங்கக்கிழமை வர்றேன். சாக்கடை மூடியையும் திறந்து பாக்கிறேன். நீங்களும் பக்கத்துல நில்லுங்க.”

“வாளியை?”

“எங்க அக்கா கடையில கழுவுறோம்.”

பேக்கரிக்காரர் மன்னித்ததாகச் சொல்லவில்லை. கடிதத்தின் நகலை வாங்கி, சுவரில் இருந்த கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, கையெழுத்திட்டு, அதன் கீழ் நேரத்தை எழுதிக் கரி படிந்த விரல்களால் திருப்பிக் கொடுத்தார். ஆய்வாளர் அதை மடித்து வைக்கவில்லை. பதினொன்று பத்து என்றிருந்ததைக் கடிகாரத்துடன் ஒப்பிட்டு, இரண்டு முறை படித்தார். பிறகு மீதிப் பதின்மூன்று கடிதங்களுடன் மிதிவண்டியைச் சலூன்காரர் வீட்டை நோக்கித் திருப்பினார்.